மலையில்லாத நாட்டில் நீரே மதில்: மியூன்ஸ்டர்லாந்தின் அகழி மாளிகைகள்

ஜெர்மனியின் கோட்டைகள் என்றதும் நினைவுக்கு வருபவை ரைன் ஆற்றங்கரையின் பாறை முகடுகளில் நிற்கும் கோட்டைகள்தாம். அவை பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே கண்ணில் படும். அதே நாட்டின் வடமேற்கில், மியூன்ஸ்டர் நகரைச் சுற்றிப் பரந்துகிடக்கும் மியூன்ஸ்டர்லாந்தில் நிலைமை நேர்மாறானது. மக்காச்சோள வயல், வரப்போரத்து ஓக் மரவரிசை, தனித்து நிற்கும் செங்கல் பண்ணை வீடு, மறுபடியும் வயல் என்று தரை மட்டமாகவே போய்க்கொண்டிருக்கும். சைக்கிளில் போகிறவர் ஒரு தோப்பைச் சுற்றித் திரும்பியதும் எதிரே அசையாத நீர்ப்பரப்பும், அதன் நடுவிலிருந்து நேராக எழும் செங்கல் சுவரும், மணற்கல் சட்டமிட்ட சன்னல்களும் தோன்றும். நூறடிக்கு முன்புவரை அங்கே ஒரு கோட்டை இருப்பதற்கான அறிகுறியே இருக்காது. இப்படிப்பட்ட கோட்டைகளையும் மாளிகைகளையும் இணைத்துப் போடப்பட்டிருக்கும் சைக்கிள் பாதைக்கு ‘நூறு மாளிகைப் பாதை’ என்று பெயர். நான்கு பெரிய வளையங்களாகப் பிரிந்து கிடக்கும் அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 960 கிலோமீட்டர்.

இவ்வளவு சிறிய பகுதியில் இத்தனை மாளிகைகள் எதற்காக எழுந்தன, அவை அனைத்தும் ஏன் நீருக்குள் நிற்கின்றன, இன்றுவரை எப்படி நிலைத்திருக்கின்றன ஆகிய மூன்றையும் ஓரளவு தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்தப் பயணம் வேறு விதமாக அமையும். தெரியாமல் போனால் மூன்றாவது மாளிகையிலேயே சலிப்புத் தட்டிவிடும். ஒரு அகழியும் ஒரு பாலமும் ஒரு செங்கல் கட்டடமும் திரும்பத் திரும்ப வருவதாகத்தான் தோன்றும்.

நிலத்திலிருந்து தொடங்கலாம். வடக்கே எம்ஸ் ஆறும் தெற்கே லிப்பெ ஆறும் ஓடும் இந்தச் சமவெளியில் மேடு என்று சொல்லத்தக்கவை சிலவே; அவற்றில் ஒன்று மியூன்ஸ்டருக்கு மேற்கே உள்ள பௌம்பெர்கெ குன்றுகள். அக்குன்றுகளின் உச்சியும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 187 மீட்டர்தான். மண்ணின் பெரும்பகுதி கனத்த களி. மழைநீர் கீழே இறங்காமல் மேலேயே தேங்கும். நிலத்தடி நீரும் தரைக்கு மிக அருகில் இருக்கும். உழவனுக்கு இது தொல்லை. தற்காப்புக்கு இடம் தேடிய ஒரு பிரபுவுக்கோ இதுவே வரம். மலை இல்லாத இடத்தில் ஏறிப்போய் ஒளிந்துகொள்ள வழியில்லை. ஆனால் ஒரு பள்ளத்தை வெட்டினால் அதுவாகவே நீர் நிறைந்துவிடும். வெட்டிய மண்ணை நடுவில் கொட்டினால் ஒரு மேடு கிடைக்கும். இப்படி ஒரே வேலையில் அகழியும் மேடும் சேர்ந்து கிடைத்தன. தொடக்ககாலத்தில் அந்த மண்மேட்டின்மேல் மரக்கோபுரம் ஒன்றை நிறுத்தி, சுற்றிலும் மரவேலி அடித்தார்கள். பிறகு மரத்தின் இடத்தைக் கல்லும் செங்கல்லும் பிடித்தன. நீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த அகழிக்கு உள்ளூரில் ‘கிரேஃப்டெ’ என்று தனிப் பெயர் உண்டு. ஜெர்மனியின் பிற பகுதிகளில் வழங்கும் சொல் வேறு; இது மியூன்ஸ்டர்லாந்தை உள்ளடக்கிய வெஸ்ட்ஃபாலியா பகுதியின் பேச்சுக்கு உரியது. பிரபுக்களுக்கு மட்டும் உரிய சொல்லாகவும் அது இருக்கவில்லை. வசதியான குடியானவர்களும் தங்கள் பண்ணை வீட்டைச் சுற்றிக் கிரேஃப்டெ வெட்டிக்கொண்டார்கள். இங்கே ஊர்கள் நெருக்கமாக அமையாமல், ஒவ்வொரு பண்ணையும் தன் வயலுக்கு நடுவே தனித்துக் கிடந்ததால், ஆபத்து நேரத்தில் ஓடிப்போய்ச் சேர ஊர் மதில் என்று எதுவும் இல்லை. மியூன்ஸ்டரிலுள்ள மூலென்ஹோஃப் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட அகழிப் பண்ணை ஒன்றைப் பார்க்கலாம். மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். பெரிய மாளிகைகள் வேறு எங்கிருந்தோ வந்து இறங்கியவை அல்ல, இதே பண்ணை வீடு வளர்ந்து பெருத்து உருமாறியவைதாம் என்பது அங்கே நின்றால் விளங்கும்.

அகழி மாளிகைகளின் அடிப்படை அமைப்பு இரண்டு தீவுகள். முதல் தீவில் தொழுவம், களஞ்சியம், வேலையாட்கள் குடியிருப்பு, நுழைவு வாயில் எல்லாம் இருக்கும். அதிலிருந்து இன்னொரு பாலம் வழியாகப் போனால்தான் பிரபு குடும்பம் வாழ்ந்த உள்தீவு. எதிரி முதல் தீவைக் கைப்பற்றினாலும் இரண்டாவது பாலத்தைத் தூக்கிவிடலாம். அமைதிக்காலத்தில் இதே ஏற்பாடு வேறு விதமாகப் பயன்பட்டது: எருவின் நாற்றமும் வண்டிச் சத்தமும் அகழிக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. பெரும்பாலான பயணிகள் முன்தீவை விரைந்து கடந்து உள்ளே போய்விடுகிறார்கள். அது பிழை. மாளிகையின் வருமானம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் கட்டடங்கள் முன்தீவில்தான் இருக்கின்றன.

இனி, எண்ணிக்கை ஏன் இவ்வளவு என்ற கேள்வி. மியூன்ஸ்டர் 1803 வரை ஓர் ஆயர் நாடு. கத்தோலிக்க ஆயரே அரசரும் ஆவார். ஆயருக்கு மணமில்லை, வாரிசு இல்லை, ஆகவே அரச வம்சமும் இல்லை. ஒவ்வோர் ஆயர் இறந்ததும் அடுத்தவரைப் பேராலயக் குருக்கள் மன்றம் தேர்ந்தெடுத்தது. அம்மன்றத்தில் இடம் பெற உயர்குடிப் பிறப்பு வேண்டும். எனவே அதிகாரம் ஓர் அரண்மனையில் குவியாமல், ஒருவருக்கொருவர் மண உறவு கொண்ட சில டசன் நிலப்பிரபுக் குடும்பங்களிடையே பரவிக் கிடந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் நிலத்தின் நடுவே ஒரு மாளிகை. குளிர்காலத்துக்குத் தலைநகரில் ஒரு வீடு. மன்றத்தில் ஒரு மகன். சமவெளியில் சிதறிக் கிடக்கும் மாளிகைகளை அந்த அரசியலின் வரைபடமாகவே வாசிக்கலாம்.

லூடிங்ஹௌசன் சிற்றூரின் ஓரத்தில் இருக்கும் ஃபிஷெரிங் கோட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்டேவர் ஆற்றங்கரையில் ஏற்கெனவே லூடிங்ஹௌசன் குடும்பத்தார் வலுவாக ஊன்றியிருந்தனர். அவர்களை அடக்க, ஆயர் கெர்ஹார்ட் ஃபான் டேர் மார்க் 1271-இல் பக்கத்திலேயே எழுப்பிய எதிர்க்கோட்டைதான் ஃபிஷெரிங். அதைக் காக்க நியமிக்கப்பட்ட அதிகாரியின் பதவிப் பெயர் ‘ட்ரோஸ்டெ’. பதவி பரம்பரையானது, பெயரும் ஒட்டிக்கொண்டது: ட்ரோஸ்டெ சு ஃபிஷெரிங் என்ற குடும்பம் அப்படித்தான் பிறந்தது. 1521-இல் தீ விபத்தில் கோட்டை எரிந்தபோது பழைய அடித்தளத்தின் மீதே திரும்பக் கட்டினார்கள். அதனால்தான் மறுமலர்ச்சிக் கால வீடாக மாறிய பின்னும் அது இடைக்காலத்து வட்ட மதிலின் வளைவை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் சுவர்கள் குதிரை லாடம்போல வளைந்து செல்வது தெரியும். வெளியே நீருக்கு அப்பால் நின்று பார்த்தாலோ கூரைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தாற்போல வட்டமாக நெருங்கி நிற்கும். தெற்குப் பக்கத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்த்த, சிற்பவேலை மிகுந்த ஒரு மாடச் சன்னல் அகழியை நோக்கி நீண்டிருக்கிறது. எதிரியைக் கண்காணிக்கக் கட்டிய சுவரில், வேடிக்கை பார்ப்பதற்கென்று அவ்வளவு பெரிய துளை போட்டிருக்கிறார்கள் என்றால், அதற்குள் காலம் எவ்வளவு மாறிவிட்டது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கோட்டையின் அருங்காட்சியகத்தில் ஒரு கழுத்து வளையம் இருக்கிறது. உள்பக்கம் முட்கள் வைத்த இரும்பு வளையம். பக்கத்துக் காகெஸ்பெக் மாளிகையின் உரிமையாளரான லாம்பெர்ட் ஃபான் ஓயரை, சொத்துத் தகராறு ஒன்றில் 1520-இல் வழிமறித்துப் பிடித்த எதிராளி, அதை அவர் கழுத்தில் மாட்டிப் பூட்டிவிட்டான். பூட்டைத் திறக்க வழி தெரியாமல், கடைசியில் ஒரு கொல்லர் சம்மட்டியால் அடித்துத்தான் அதை உடைத்தெடுத்தார் என்கிறது வரலாறு. கையகலமே உள்ள அந்த இரும்பைப் பார்த்தால், ஒருவரை ஒருவர் உறவுமுறை சொல்லி அழைத்துக்கொண்ட குடும்பங்கள் எதற்காக வீட்டைச் சுற்றி இரட்டை அகழி வைத்துக்கொண்டார்கள் என்று புரியும். பயந்தது வெளிநாட்டுப் படைக்கு மட்டுமல்ல, அடுத்த வயல்காரனுக்கும்தான்.

பீரங்கிகள் வலுப்பெற்ற பிறகு அகழியால் போர்ப்பயன் அநேகமாக இல்லாமல் போனது. முப்பதாண்டுப் போர் 1648-இல் முடிந்து, அதன் உடன்படிக்கைகள் மியூன்ஸ்டரிலும் பக்கத்து ஓஸ்னாப்ரூக்கிலும் கையெழுத்தான பின், தனி மனிதரின் கோட்டைக்குத் தேவையும் குறைந்தது. ஆனாலும் யாரும் அகழியைத் தூர்க்கவில்லை. புதிதாகக் கட்டியவர்களும் நீரை விடவில்லை. அகழி இப்போது தகுதியின் அடையாளம். பழைய குடி என்று காட்டிக்கொள்ள அதைவிட எளிய வழி இல்லை.

இந்தப் போக்கின் உச்சம் நோர்ட்கிர்ஷென். 1688-இல் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபிரீட்ரிஷ் கிறிஸ்டியான் ஃபான் பிளெட்டன்பெர்க், 1694-இல் அந்த ஊரின் பழைய அகழிக்கோட்டையை வாங்கி, அதை இடித்துவிட்டு 1703-இல் புதிய மாளிகையைத் தொடங்கினார். தன் ஆயர் பதவியை உறவினருக்கு எழுதி வைக்க முடியாது. ஆனால் பதவியிலிருக்கும் காலத்தில் குடும்பத்துக்கு ஒரு பரம்பரைச் சொத்தை உருவாக்கிவிட முடியும். அதைத்தான் செய்தார். 1706-இல் அவர் இறந்தபின் அவருடைய தம்பி மகன் ஃபெர்டினாண்ட் வேலையைத் தொடர்ந்தார். கட்டடக் கலைஞர் கொட்ஃபிரீட் லௌரென்ஸ் பிக்டோரியஸில் தொடங்கி யோஹான் கொன்ராட் ஷ்லௌனில் முடிந்த அந்தக் கட்டுமானம் 1734 வரை நடந்தது. ஏறக்குறைய சதுரமான பெரிய தீவு, அதன் நான்கு மூலைகளிலும் சிறு மண்டபங்கள், நடுவில் முற்றத்தை மூன்று பக்கமும் அணைத்து நிற்கும் சிவப்புச் செங்கல் மாளிகை, எல்லாவற்றையும் சுற்றி நேர்க்கோட்டில் வெட்டிய அகலமான அகழி.

இதை ‘வெஸ்ட்ஃபாலியாவின் வெர்சாய்’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். பயணிகளை இழுக்க அது உதவலாம், புரிந்துகொள்ள உதவாது. பிரெஞ்சு மன்னரின் அரண்மனையான வெர்சாய் ஒரு நாட்டின் அதிகாரத்தை ஓரிடத்தில் குவிக்கக் கட்டியது. நோர்ட்கிர்ஷெனோ அதிகாரம் குவியாத ஒரு நாட்டில், தற்காலிகமாகக் கிடைத்த பதவியை நிரந்தரச் செல்வமாக மாற்றிக்கொள்ளக் கட்டியது. அதன் முகப்பு பிரெஞ்சுப் பாணியாக இருக்கலாம். அது நிற்கும் தீவும் அதைச் சூழ்ந்த நீரும் பழைய மியூன்ஸ்டர்லாந்துப் பழக்கம்தான். வடக்கே விரிந்திருக்கும் பூவேலைத் தோட்டங்கூட இருநூறு ஆண்டு பிந்தையது; 1903-இல் மாளிகையை வாங்கிய ஆரென்பெர்க் பிரபு குடும்பத்துக்காகப் பிரெஞ்சுத் தோட்டக் கலைஞர் அஷீல் டுஷேன் அமைத்தது.

ஷ்லௌன் என்ற பெயர் இந்தப் பகுதியில் அடிக்கடி காதில் விழும். மியூன்ஸ்டரில் ஃபிஷெரிங் குடும்பத்தாருக்கு 1753 முதல் 1757 வரை நகர் மாளிகை ஒன்றைக் கட்டித் தந்தவரும் அவரே. 1767-இல் தொடங்கிய ஆயர் அரண்மனையை வரைந்தவரும் அவரே. எனக்கு அவருடைய வேலைகளில் மிகவும் பிடித்தது, தனக்கென்று 1745 முதல் 1749 வரை அவர் கட்டிக்கொண்ட ரூஷ்ஹௌஸ். முன்பக்கம் பார்த்தால் வெறும் குடியானவர் வீடு: வைக்கோல் வண்டி அப்படியே உள்ளே போகும்படி பெரிய கதவு, கீழிறங்கிய நீண்ட கூரை, இரு பக்கமும் தொழுவம். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் அதே வீடு தோட்டத்தை நோக்கிய படிக்கட்டும் சீரான சன்னல்களும் கொண்ட ஒரு சிறு பரோக் மாளிகை. நடுவே பிரிக்கும் சுவர் ஒன்றுதான். பண்ணை வீடும் பிரபு மாளிகையும் ஒரே மரத்தின் கிளைகள் என்று மேலே சொன்னதை, ஒரு கட்டடக் கலைஞர் ஒரே கூரையின்கீழ் செய்து காட்டியிருக்கிறார்.

அந்த வீட்டில் 1826 முதல் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர் கவிஞர் அன்னெட்டெ ஃபான் ட்ரோஸ்டெ-ஹுல்ஸ்ஹோஃப். யூரோ வருவதற்கு முன்னிருந்த இருபது மார்க் நோட்டில் இருந்த பெண்முகம் அவருடையது. 1797-இல் அவர் பிறந்தது, ரூஷ்ஹௌஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவிலுள்ள ஹுல்ஸ்ஹோஃப் அகழி மாளிகையில். அங்கும் ‘ட்ரோஸ்டெ’ என்பது பழைய பதவிப் பெயர்தான். ஆனால் ஃபிஷெரிங் குடும்பத்தினின்று வேறான குடும்பம். தந்தை இறந்ததும் மாளிகை அண்ணன் தம்பியரில் உரியவருக்குப் போயிற்று. தாயும் மணமாகாத பெண்களும் ரூஷ்ஹௌஸுக்குக் குடிபெயர்ந்தனர். இடைமாடியில் தாழ்ந்த கூரை கொண்ட சிறிய அறை ஒன்றில் அவர் எழுதினார். அதை ‘நத்தைக் கூடு’ என்று அழைத்தார்கள். ஹுல்ஸ்ஹோஃபின் உயர்ந்த அறைகளையும் இந்தச் சிற்றறையையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு, சொத்துரிமைச் சட்டம் என்றால் என்ன என்பது எந்த நூலையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

கட்டுப்பொருளைப் பற்றி ஒரு சொல். களிமண் நாடு என்பதால் செங்கல்லுக்குக் குறைவில்லை. சன்னல் சட்டம், வாயில், சிற்பம் ஆகியவற்றுக்குப் பௌம்பெர்கெ குன்றுகளின் வெளிர்மஞ்சள் மணற்கல் வந்தது. சிவப்பும் மஞ்சளும் கலந்த அந்த இரட்டை நிறம் இங்குள்ள மாளிகைகளின் முத்திரை. ஆனால் அது சுண்ணாம்பு கலந்த மென்மையான கல். செதுக்க எளிது, அரிக்கப்படவும் எளிது. லிப்பெ ஆற்றுக்குத் தெற்கே ரூர் நிலக்கரிப் பகுதி தொடங்குகிறது. அங்கே ஹெர்டென் மாளிகையில் 1702-இல் செதுக்கிய சிலை ஒன்றின் இரு புகைப்படங்கள் உலகெங்கும் சுற்றுச்சூழல் பாடநூல்களில் இடம்பெற்றன: 1908-இல் எடுத்ததில் முகமும் ஆடை மடிப்பும் தெளிவாக இருக்கும், அறுபது ஆண்டுகள் கழித்து எடுத்ததில் உருவமே கரைந்து, வெறும் கல் முண்டுபோல நிற்கும். ஆலைப்புகை கலந்த மழை செய்த வேலை.

இன்றைய கவலை புகையைவிட நீர். சதுப்பான தரையில் கனமான சுவரை நிறுத்த, ஓக் மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து அவற்றின்மேல் அடித்தளம் போடுவது நீர் மாளிகைகளின் வழக்கம். நீருக்கு அடியில் காற்றுப் படாத வரை ஓக் மரம் நூற்றாண்டுக் கணக்கில் அழுகாது. நீர்மட்டம் இறங்கிக் கம்பத்தின் தலை வெளியே தெரிந்துவிட்டால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். மேலே சுவர் விரியும். அதனால் ஒருகாலத்தில் எதிரியைத் தடுத்த அகழி, இப்போது கட்டடத்தைத் தாங்கும் உறுப்பாகவே ஆகிவிட்டது. 2018 முதல் 2020 வரை அடுத்தடுத்து வந்த வறண்ட கோடைகள் இந்த ஆபத்தை எல்லோருக்கும் நினைவூட்டின. வயல்களுக்கு வடிகால் வெட்டி நீரை விரைவாக வெளியேற்றும் வேளாண் முறையும் இதே திசையில்தான் தள்ளுகிறது. நீர் நிறைந்திருந்தாலும் செலவு ஓயாது: இலையும் சேறும் படிந்து அகழி தானாகத் தூர்ந்துகொண்டே வரும், காலந்தோறும் தூர்வாரியாக வேண்டும்.

அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே, பயணி எந்த மாளிகைக்குள் நுழையலாம், எதை வெளியிலிருந்து மட்டும் பார்க்கலாம் என்பது அமைகிறது. 1803-இல் ஆயர் நாடு கலைக்கப்பட்டபோது இக்குடும்பங்கள் பதவிகளை இழந்தன. நிலம் அவர்களிடமே இருந்தது. இன்னொரு சமவெளியான வடகிழக்கு மெக்லென்பெர்க்கில் 1945-இல் சோவியத் ஆட்சிப்பகுதியின் நிலச்சீர்திருத்தம் நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலவுடைமைகளைப் பறித்தது. அங்குள்ள மாளிகைகள் உரிமையாளரின்றிச் சிதைந்தன. மியூன்ஸ்டர்லாந்து மேற்கில் இருந்ததால் அந்த விதிக்குத் தப்பியது. ஆகவே பல மாளிகைகளில் இன்றும் பழைய குடும்பமே வசிக்கிறது.

வகைகளும் பல. நோர்ட்கிர்ஷென் மாநில அரசின் உடைமை. அதன் அறைகளில் வரித்துறை அதிகாரிகளாகப் போகும் இளைஞர்கள் படிக்கிறார்கள். பூங்காவுக்குக் கட்டணமில்லை, உள்ளறைகளுக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஃபிஷெரிங்கை 1970-களிலிருந்து மாவட்ட நிர்வாகம் அருங்காட்சியகமாக நடத்துகிறது. விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஹுல்ஸ்ஹோஃபும் ரூஷ்ஹௌஸும் கவிஞர் பெயரிலான அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளன. முப்பதாண்டுப் போரில் படைத்தலைவராகப் பணம் சேர்த்த அலெக்ஸாண்டர் ஃபான் ஃபேலன் 1643 முதல் 1658 வரை விரிவாக்கிய ராஸ்ஃபெல்ட், பின்னர் பாழடைந்து பாதி இடிக்கப்பட்டு, இன்று கைவினைஞர் கழகங்களின் பயிற்சி நிலையமாக இருக்கிறது; பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் முறையை அங்கே கற்றுத் தருகிறார்கள். ஹாலந்து எல்லையோரத்து அன்ஹோல்ட், சால்ம்-சால்ம் பிரபுக் குடும்பத்தின் தனி உடைமை. அவர்களே அருங்காட்சியகமும் விடுதியும் நடத்துகிறார்கள். ரெம்பிராண்ட் 1634-இல் தீட்டிய ஓவியம் ஒன்று அங்கே தொங்குகிறது.

வழிப்பயணத்துக்கு வருவோம். இந்த நாட்டைக் காரில் சுற்றுவது வீண். மாளிகைகள் பெருஞ்சாலையை ஒட்டி இல்லை. வயல்களுக்கு நடுவே செல்லும், உள்ளூரார் ‘பெட்கெ’ என்றழைக்கும் ஒற்றையடிப் பாதைகளே அவற்றுக்கு இயல்பான வழி. ஏற்றமே இல்லாத தரையில் சைக்கிள் ஓட்டுவதற்குப் பழக்கம்கூடத் தேவையில்லை. எதிர்க்காற்று ஒன்றுதான் சோதனை. லூடிங்ஹௌசனில் தொடங்கினால் ஃபிஷெரிங்கையும் நோர்ட்கிர்ஷெனையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். மியூன்ஸ்டரிலிருந்து மேற்கே போனால் ரூஷ்ஹௌஸ், ஹுல்ஸ்ஹோஃப், ஹாவிக்ஸ்பெக் என்று இன்னொரு நாள் கழியும். திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும். குளிர்காலத்தில் நேரம் சுருங்கும். ஆண்டுதோறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று நாடு முழுவதும் நடைபெறும் நினைவுச்சின்னத் திறப்பு நாளில், வழக்கமாகப் பூட்டியிருக்கும் சில தனியார் கட்டடங்களும் திறக்கப்படுகின்றன.

மற்ற நாட்களில் தனியார் மாளிகைகளுக்கு அகழியின் வெளிக்கரைதான் எல்லை. டார்ஃபெல்ட் அப்படிப்பட்ட ஒன்று. சிற்பி கெர்ஹார்ட் கிரோனிங்கர் 1612-இல் தொடங்கிய, வெனிஸ் நகரத்து மாடங்களை நினைவூட்டும் தூண்வரிசை கொண்ட அதன் முற்றப்பக்கத்தை நீருக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். காற்றில்லாத காலை வேளையில் போனால் தூண்கள் நீரில் தலைகீழாக முழுமையாகத் தெரியும். உள்ளே குடும்பம் வசிக்கிறது. பாலத்தின் முனையில் நுழைவு அனுமதி இல்லை என்று பலகை இருக்கும்.